இல்லாத காலின் வலிக்கு டென்ஸ் கருவி: பாவிக்கலாமா, எங்கே ஒட்டுவது?

விசுவமடுவிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். 58 வயதான அவருடைய தந்தை 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலுடன் வயலைப் பார்த்து வருகிறார். இல்லாத அந்தக் காலின் பெருவிரலை யாரோ முறுக்குவதுபோல் இரவில் வலிப்பதாகச் சொல்கிறாராம். கனடாவிலுள்ள சித்தப்பா ஒரு டென்ஸ் கருவியை, அதாவது தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறிய மின்துடிப்பை அனுப்பி வலியைத் தணிக்கும் கருவியை, அனுப்பியிருக்கிறார். அதே காலின் தொடையில் எடுக்கப்படாத செல் (எறிகணை) துண்டு ஒன்று இருக்கிறது. கருவியைப் பாவிப்பது ஆபத்தா, எங்கே ஒட்ட வேண்டும், குளிசையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

இல்லாத காலில் வலிப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவர்களை வன்னியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அறுபட்ட நரம்பின் முனைகளும் முள்ளந்தண்டு வடமும் தொடர்ந்து சமிக்ஞை அனுப்புவதாலும், மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அழியாமல் இருப்பதாலும் எழுகின்ற உண்மையான வலி இது. தந்தையிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

கருவியைத் தொடுவதற்கு முன் எஞ்சிய காலைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். செயற்கைக் காலின் குழிக்குள் வியர்வையும் வயற்சேறும் தேங்கித் தோல் வெந்திருக்கலாம். உடல் மெலிந்ததால் குழி தளர்ந்து எலும்பு முனையில் இடிக்கலாம். விரலால் தட்டினால் மின்னல்போல் பாயும் ஒரு புள்ளி, அதாவது நரம்பு முடிச்சு, இருக்கலாம். சிவப்பு, சீழ், வீக்கம், அண்மையில் திடீரெனக் கூடிய வலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காரணத்தைத் தேடாமல் வலியை மட்டும் மறைப்பதற்கு எந்தக் கருவியும் உதவக் கூடாது.

வலியை ஆராய்ந்த ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இருவரும் 1965 இல் முன்வைத்த ‘வாயிற் கட்டுப்பாட்டு’க் கோட்பாட்டிலிருந்து பிறந்ததே டென்ஸ் முறை. தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி முள்ளந்தண்டு வடத்திலேயே தணிக்கப்படுகிறது. கால் இடிபட்டதும் நாம் அந்த இடத்தைத் தேய்த்துக்கொள்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

செல் துண்டைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இங்கே இரண்டு கருவிகள் குழப்பப்படுகின்றன. சோர்ட்வேவ் எனப்படும் வெப்பக் கருவியை உலோகம் உள்ள இடத்தில் பாவிக்கவே கூடாது; உலோகம் சூடாகி உட்தசையைச் சுட்டுவிடும். டென்ஸ் கருவியின் சிறிய மின்துடிப்பு அப்படிச் சூடாக்குவதில்லை. ஆயினும் துண்டு தோலுக்குச் சற்றுக் கீழே கைக்குத் தட்டுப்பட்டால் அதன்மேல் ஒட்ட வேண்டாம். பழைய எக்ஸ்றே படம் இருந்தால் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் இடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நெஞ்சில் இதய முடுக்கி பொருத்தியவர்கள் வைத்தியரின் அனுமதியின்றி இதைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்புறம், கண், நெஞ்சு, புண், புற்றுநோய் உள்ள இடம், இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டிய கால் ஆகியவற்றிலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் ஒட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ஒட்டும் இடத்தில் தொடுகை தெரிய வேண்டும் என்பதே தலையாய விதி. தந்தையின் கண்களை மூடச் சொல்லி, பஞ்சாலும் பின்னர் ஐஸ் கட்டியாலும் தோலைத் தொட்டுக் கேளுங்கள். மரத்துப்போன தோலில், குறிப்பாக நீண்டகால நீரிழிவு உள்ளவர்களில், மின்சாரம் கூடியது தெரியாமலே தோல் சுடப்படலாம். உணர்வுள்ள இடம் தெரிந்ததும், எண்ணெய் எதுவும் பூசாமல், அவ்விடத்தை நீரால் கழுவித் துடையுங்கள். கருவி அணைந்திருக்கும்போது, முழங்காலுக்குக் கீழே எஞ்சிய பகுதியின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டையாக, இடையில் குறைந்தது 3 சென்ரிமீற்றர் விட்டு ஒட்டுங்கள். அங்கே தொட்டாலே தாங்க முடியாவிட்டால் தொடையில் ஒட்டலாம். அதுவும் இயலாதபோது, நல்ல காலின் அதே இடத்தில் ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. செயற்கைக் காலை மாட்டியபடி அதற்குள் பட்டையை வைக்கக் கூடாது.

வினாடிக்கு 80 முதல் 100 துடிப்பு என்று வைத்து, அளவைப் பூச்சியத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். எறும்பு ஊர்வதுபோல் தொடங்கும் உணர்வு, தசை துடிக்காத, ஆனால் நன்றாகத் தெரிகின்ற விறுவிறுப்பாக வர வேண்டும். பலர் ‘தெரிந்தால் போதும்’ என்று மிகக் குறைவாக வைத்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். சில நிமிடங்களில் உணர்வு மங்கினால் சற்றுக் கூட்டலாம். 30 முதல் 60 நிமிடம் போதும். பட்டைகளை ஒட்டியபடி உறங்குவதும், குளிப்பதும், மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ ஓட்டுவதும் ஆகாது.

பயன் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். வயது வந்தோரில் செய்யப்பட்ட 381 ஆய்வுகளைத் தொகுத்து 2022 இல் வெளியான ஒரு மதிப்பீடு, கருவி இயங்கும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று கண்டது. ஆனால் உறுப்பிழந்தோரின் இந்தக் குறிப்பிட்ட வலியைப் பற்றி 2015 இல் தேடிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழுவுக்கு, சேர்த்துக்கொள்ளத்தக்க ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே, ஆபத்துக் குறைந்த ஒரு முயற்சியாக இதைச் செய்து பாருங்கள் என்பேன். வலி வேரோடு போய்விடும் என்ற நம்பிக்கையைத் தந்தைக்குக் கொடுக்க வேண்டாம். வலி தணிந்திருக்கும் அந்த நேரத்தில் முழங்காலை மடக்கி நீட்டவும், கண்ணாடிப் பயிற்சி (நல்ல காலின் பிம்பத்தை இழந்த காலாகப் பார்த்தபடி அசைக்கும் பயிற்சி) செய்யவும் முடிந்தால் அதுவே பெரிய இலாபம்.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்ரின், அமிற்றிப்ரிலின் போன்றவற்றைத் திடீரென விட்டால் உறக்கமின்மையும் பதற்றமும் வரலாம். ஒரு கொப்பியில், கருவி போடுவதற்கு முன்னும், போட்டிருக்கும்போதும், நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்தும் வலிக்கு 10 இல் எத்தனை என்று தந்தை சொல்வதை இரண்டு கிழமைக்கு எழுதி, அதை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் காட்டுங்கள். குளிசையைக் குறைக்கலாமா என்பதை அதைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள்.