இருட்டில் ஒளிரும் 'தேங்காய்ப் பூ'

கேள்வி: பிரேசிலில் ஒளிரும் காளான் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து மீண்டும் கிடைத்ததாமே? அதே காளான்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: மறைந்திருக்கவில்லை. பனை வகை மரங்களின் அடியில் முளைக்கும் அதை ஊர்க்காரர்கள் 'ஃப்ளோர் டி கோகோ', அதாவது தேங்காய்ப் பூ என்றே அழைத்தார்கள். ஆய்வாளர்கள் கையில்தான் புதிய மாதிரி இல்லை. 1839-இல் பிரேசிலின் நாட்டிவிடாடே ஊர்த் தெருவில் சிறுவர்கள் எதையோ மின்ன மின்ன வைத்து விளையாடியதைப் பார்த்த தாவரவியலாளர் ஜார்ஜ் கார்ட்னர், முதலில் பெரிய மின்மினி என்றே நினைத்தார். அவர் அனுப்பிய காளானுக்கு 1840-இல் பூஞ்சையியலாளர் பெர்க்லி 'அகாரிகஸ் கார்ட்னெரி' என்று பெயரிட்டார்.

மீண்டும் கிடைத்தவற்றின் உருவத்தைப் பழைய விவரிப்போடு ஒப்பிட்டு அடையாளம் கண்டார்கள். எந்தப் பேரினம் என்பதை டி.என்.ஏ.வில், பூஞ்சைகளை ஒப்பிடப் பயன்படும் ஐ.டி.எஸ்., எல்.எஸ்.யு. என்ற பகுதிகள் காட்டின. 2011 முதல் அதன் பெயர் 'நியோநோத்தோபானஸ் கார்ட்னெரி'.

கேள்வி: ஒளிரும் காளான் கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒளியை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். ஒளிரும் இனங்கள் நூறுக்கு மேல் உண்டு. அமாவாசையை ஒட்டிய இரவில் டார்ச்சை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் காத்திருங்கள். நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்தக் காத்திருப்பு வீண். கார்ட்னெரியின் ஒளி இரவு பத்து மணியளவில்தான் உச்சத்தில் இருக்கும். தொப்பியா, அதன் அடியில் தகடு தகடாக இருக்கும் செவுளா, தண்டா, மரத்தில் ஓடும் இழையா, எது ஒளிர்கிறது என்று அங்கேயே எழுதுங்கள். காய்ந்தால் ஒளி போய்விடும். படத்துக்குக் கேமராவை முக்காலியில் வைத்து, 30 வினாடி ஒளி விழும்படி (எக்ஸ்போஷர்) தொடங்குங்கள்.

தண்டைக் கிள்ளாமல், ஒட்டியிருக்கும் மட்டைத் துண்டோடு எடுத்துக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வேர்த்து, மறுநாளே அழுகும். ஒரு தொப்பியை வெட்டி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளில் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடினால், காலையில் ஸ்போர்த் தூள் (காளானின் விதை போன்ற வித்துகள்) படிந்திருக்கும். வெள்ளைத் தாள் மட்டும் வைத்தால் வெள்ளைத் தூள் தெரியாது.

டி.என்.ஏ.வுக்கு உட்சதையில் 5 மி.மீ. துண்டு ஒன்றை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். மேல்தோலில் வேறு பூஞ்சை ஒட்டியிருந்தால் அதன் டி.என்.ஏ. வரிசைதான் வந்து நிற்கும். மீதியை 40 டிகிரியில் காற்றோட்டத்தோடு, ஒடித்தால் முறியும்வரை உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் வெந்துபோகும். இடம், தேதி, எந்த மரம் என்ற சீட்டைப் பென்சிலில் எழுதி உறைக்குள்ளேயே வையுங்கள்.