காரில்லாமல் கடலோர நடை: லண்டனிலிருந்து ரயிலேறிப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

நான் ஈஸ்ட் ஹாம்காரி. டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்றதும் அந்த ஆசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம் பதினேழு வருடமாக சனி ஞாயிறுகளில் ரயில், பஸ், என் கால். லண்டனுக்குத் தெற்கேயும் கிழக்கேயும் உள்ள கடலோரம், சுண்ணாம்புக் குன்று, வயல்வெளி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

குரோய்டனிலிருந்து: செவன் சிஸ்டர்ஸ் பாறைகளை ஒரே நாளில் நடந்து பார்க்க முடியுமா அக்கா? எங்கே இறங்கி எங்கே ஏறுவது?

தாராளமாக முடியும். எல்லாரும் விக்டோரியாவில் ஏறுவார்கள். உங்களுக்கு ஈஸ்ட் குரோய்டனிலேயே அதே ரயில் வரும். லூயிஸில் மாறி சீஃபர்டில் இறங்குங்கள். அதுதான் கடைசி ஸ்டேஷன், தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் கடல். அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது.

முதலில் சீஃபர்ட் ஹெட் மேடு. அதன் மறுபக்கம் இறங்கும்போதுதான் அந்தக் காட்சி. கீழே இரண்டு மூன்று பழைய வீடுகள், அதற்குப் பின்னால் நம் ஊர் ஏழு கன்னிமார் சிலை மாதிரி வரிசையாக வெள்ளை வெளேரென்று ஏழு குன்றுகள். கையெட்டும் தூரம் போல இருக்கும். ஆனால் நடுவில் கக்மியர் ஆறு கடலில் சேர்கிறது. ‘முழங்கால் அளவுதானே’ என்று இறங்காதீர்கள், அலையேற்ற நேரத்தில் இழுத்துவிடும். உள்ளே எக்ஸீட் பாலம் வரை போய், அக்கரை வழியாகத் திரும்ப வேண்டும். அங்கே கழிப்பறை இருக்கிறது, பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12ஆம் எண் பஸ் நிற்கிறது. முட்டி வலிக்கிறவர்கள் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு ஏழு ஏற்றம், ஏழு இறக்கம். நாலாவதில் ‘யார் இந்த யோசனை சொன்னது’ என்று என்னைத் திட்டுவீர்கள். ஏழும் முடிகிற இடம் பெர்லிங் கேப், அங்கே டீ குடியுங்கள். அடுத்து பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் வரும். பாறை அரித்து அரித்து விளிம்பு கிட்டே வந்துவிட்டதால் 1999இல் அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். கடைசியாக பீச்சி ஹெட், 162 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை கிடையாது. அங்கிருந்து ஈஸ்ட்போர்னுக்கு இறக்கம்.

மொத்தம் 13, 14 மைல். சாப்பாடு, டீ, போட்டோ எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் வையுங்கள். மேற்கிலிருந்து கிழக்கே நடக்கச் சொல்வதற்குக் காரணம் இரண்டு. இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அது முதுகில் தள்ளும். அப்புறம், களைத்துப் போய் முடிக்கிற ஊரில் நேரடி ரயில் அடிக்கடி இருக்க வேண்டும். அது ஈஸ்ட்போர்னில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் சனி இரவே ரயில் நேரத்தைப் பாருங்கள். தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருப்பார்கள். இதைப் பத்து தடவை சொல்லப் போகிறேன்.

டூட்டிங்கிலிருந்து: செவன் சிஸ்டர்ஸ் டியூப் ஸ்டேஷனில் இறங்கினால் பாறைக்கு எவ்வளவு நேரம்?

மூன்று நாள். அந்த ஸ்டேஷன் வட லண்டனில், டாட்டன்ஹாமில் இருக்கிறது. பெயர் அங்கே இருந்த ஏழு எல்ம் மரங்களால் வந்தது. சிரிக்கவில்லை, வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறீர்கள்.

ஹாரோவிலிருந்து: என்ன ஷூ வாங்கலாம்?

கோடையில், அடிப்பக்கம் தேயாத ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சேறு, அப்போது தண்ணீர் புகாத பூட்ஸ். புது ஷூவை நடை நாளன்று முதல்முறையாகப் போடாதீர்கள்.

இல்ஃபர்டிலிருந்து: அடுத்தவர் வயலுக்குள்ளே நடக்கிறீர்களே, உரிமையாளர் துரத்த மாட்டாரா? எனக்கு உதறலாக இருக்கிறது.

நல்ல கேள்வி. வரப்பில் கால் வைத்தாலே ‘யாரது’ என்று குரல் வரும் ஊரிலிருந்து வந்தவள் நான். முதல் தடவை கோதுமை வயலின் நட்டநடுவே ஒற்றையடிப் பாதை போவதைப் பார்த்து, வேலிக்கு வெளியே கால் மணி நேரம் தயங்கி நின்றேன். ஒரு கிழவர் நாயோடு வந்து, குட் மார்னிங் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

நிலம் விவசாயியுடையது. அதன் மேல் நடக்கும் உரிமை எல்லாருக்குமானது. காலங்காலமாகச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டான பாதைகள் இவை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு இவற்றை மாவட்டவாரியாக வரைபடத்தில் ஏற்றினார்கள். வரைபடத்தில் ஏறிய பாதையை நிலத்துக்காரர் அடைக்கக் கூடாது. உழுதால்கூடத் திரும்பப் பாதை விட வேண்டும். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடக்கிறவர்களுக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்கி நில்லுங்கள்.

இதெல்லாம் சும்மா கிடைத்ததும் அல்ல. 1932இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் சில நூறு பேர், பணக்காரர்கள் பறவை வேட்டைக்கு வளைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலையிலும் பொட்டல் வெளியிலும் பாதையை விட்டு விலகிச் சுற்றும் உரிமை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. ஆகவே உதறாமல் போங்கள். கதவைத் திறந்தால் சாத்துங்கள், பயிரை மிதிக்காதீர்கள். அவ்வளவுதான் விதி.

வெம்பிளியிலிருந்து: சீஃபர்டில் பார்க்கிங் எங்கே?

தலைப்பில் முதல் வார்த்தையைப் படிக்கவும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயது. ஏற்றம் முடியாது, ஆனால் கடல் பார்க்க ஆசை.

நம் பேட்டைக்காரர்! டிஸ்ட்ரிக்ட் லைனில் பார்க்கிங் போய், அங்கிருந்து லீ-ஆன்-சீக்கு ரயில். (இந்த பார்க்கிங் ஊர். வெம்பிளிக்காரர் குதிக்க வேண்டாம்.) தெம்பு இருந்தால் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே பென்ஃப்ளீட்டில் இறங்கி ஹாட்லி கோட்டை வழியாக நடக்கலாம். ஆனால் கோட்டை மேட்டின் மேல் இருக்கிறது, அதனால் உங்களுக்கு லீயே போதும். பழைய ஊர்த் தெருவில் மட்டி விற்கும் கொட்டகைகள், தேம்ஸ் கழிமுகத்துச் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள். கரையோரம் சமதளம், உட்காரப் பெஞ்சு. நீர் வடிந்திருந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறுதான், ‘இதுதான் கடலா’ என்பார் அப்பா. அலையேற்ற நேரம் பார்த்துப் போங்கள்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து: காரை ஏன் இப்படி இளக்காரம் செய்கிறீர்கள்? நாங்கள் நாலு பேர். ரயில் டிக்கெட் காசில் இரண்டு முறை பெட்ரோல் போடலாம்.

வாருங்கள், இதைத்தான் எதிர்பார்த்தேன்.

முதலில் காசு. பெரியவர்கள் மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. குரூப்சேவ் என்று கேட்டு டிக்கெட் எடுங்கள், அட்டை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் ஃபேமிலி ரயில்கார்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்கு 60 சதவீதம் கழிவு. ஐந்து வயதுக்குள் இலவசம். பாங்க் கார்டைத் தட்டிக்கொண்டு உள்ளே போனால் இந்தக் கழிவு எதுவும் கிடைக்காது. பஸ்ஸில் ஒரு பயணத்துக்கு 2025 முதல் 3 பவுண்டுதான் உச்சவரம்பு.

ஆனால் என் வாதம் காசில் இல்லை. காரில் போனால் காரிடமே திரும்பி வர வேண்டும். கட்டிப்போட்ட மாடு முளையைச் சுற்றுகிற கதை. எவ்வளவு தூரம் போனாலும் மனதுக்குள்ளே ‘இதே தூரம் திரும்ப வேண்டுமே’ என்ற கணக்கு ஓடும். ரயிலில் வந்தவருக்கு அது இல்லை. ஓர் ஊரில் இறங்கி இன்னோர் ஊரில் ஏறலாம். கடலோரம் என்பது நீளமான கோடு, வட்டம் போட்டு நடக்கிற இடமில்லை.

அதே ஹவுன்ஸ்லோக்காரர்: மழை வந்தால்? குழந்தை அழுதால்? உங்கள் கோடு அப்போது உதவுமா?

மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவரிடம் வாதாட மாட்டேன். அந்த வயதுக்குக் கார் சரி. மழைக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதி வழியில் மழை பிடித்தால் அடுத்த பஸ் நிறுத்தம் முன்னால் இருக்கும், உங்கள் கார் ஐந்து மைல் பின்னால் இருக்கும்.

சட்டனிலிருந்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் காரை ஈஸ்ட்போர்னில் விட்டுவிட்டு ரயிலில் சீஃபர்ட் போய், காரை நோக்கி நடந்து வருவோம். சண்டை தீர்ந்ததா?

தீர்ந்தது. ரயிலை முதலில் வைத்தது புத்திசாலித்தனம், கடைசி ரயிலைத் துரத்தவும் வேண்டாம். ஹவுன்ஸ்லோக்காரர் கவனிக்கவும்.

இன்னொருவர், வெம்பிளி: அப்போது ஈஸ்ட்போர்னில் பார்க்கிங் எங்கே?

சட்டன்காரரைக் கேளுங்கள்.

லூயிஷத்திலிருந்து: அக்கா, என்ன சப்பாத்து போடவேணும்?

ஷூ என்றாலும் சப்பாத்து என்றாலும் பதில் ஒன்றுதான் தம்பி. மேலே இருக்கு.

ரெடிங்கிலிருந்து: பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு எல்லாரும் படம் போடுகிறார்கள். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது.

இன்னும் பயமுறுத்தவே ஆரம்பிக்கவில்லை. பெர்லிங் கேப் கரைக்கு இறங்க வழி திறந்திருக்கும் நாளில், இறங்கித் தள்ளி நின்று மேலே பாருங்கள். விளிம்பில் புல் ஒரு உதடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில் ஒன்றும் இருக்காது, காற்றுதான். மேலே நிற்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, கெட்டியான புல்தரையாகத்தான் தெரியும்.

இது கருங்கல் இல்லை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணிய பாசிகளின் ஓடு படிந்து உண்டான சுண்ணாம்பு. விரல் நகத்தால் கீறினால் தூள் வரும். மழைநீரை உறிஞ்சும், பனியில் அந்த நீர் உறைந்து விரிசலை அகலமாக்கும், அடியில் அலை அரிக்கும். ஒரு நாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் பெரிய துண்டாகச் சரியும். பெர்லிங் கேப்பில் வரிசையாக இருந்த வீடுகளில் சிலவற்றை இந்தக் காரணத்தால்தான் இடித்தார்கள். மேலே போகிறவர்கள் விளிம்பிலிருந்து ஒரு பஸ் நீளமாவது தள்ளி நடங்கள். கரையில் இருப்பவர்கள் பாறை அடியில் துண்டு விரித்துச் சாப்பிடாதீர்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் அங்கே யாராவது ஒரு குடும்பத்தைப் பார்க்கிறேன். இரண்டு முறை போய்ச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு முறை திட்டு வாங்கினேன்.

சர்பிட்டனிலிருந்து: மாடு முறைத்தால் என்ன செய்வது?

கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், ஓடாதீர்கள், வேலியோரமாக விலகிப் போங்கள். உங்களோடு நாய் வந்து, மாடு துரத்தினால், கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துவிடும், மாட்டின் குறி நீங்கள் இல்லை.

கிளாஸ்கோவிலிருந்து: எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நடை சொல்லுங்கள்.

என் எல்லை தாண்டியது. உள்ளூர் நடைக் குழுவைக் கேளுங்கள்.

ஈலிங்கிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடுமா?

முதல் பதிலின் கடைசிப் பத்தி. டிசம்பர் 25 மட்டும் பார்க்கவே வேண்டாம், ஓடாது.

ஸ்ட்ராட்ஃபர்டிலிருந்து: டோவர் பக்கம் நடை உண்டா?

உங்களுக்குத்தான் மிகச் சுலபம். ஸ்ட்ராட்ஃபர்ட் இன்டர்நேஷனலில் அதிவேக ரயில் நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் டோவர். துறைமுகத்துக்கு மேலே ஏறி, சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கம், செயின்ட் மார்கரெட்ஸ் பே, வால்மர், டீல். ஏறத்தாழ பத்து மைல். டீலில் ரயில். இங்கே கடலை வலப்பக்கம் வைத்து வடக்கே நடக்க வேண்டும். தெளிவான நாளில் பிரான்ஸ் தெரியும், இடையில் 21 மைல் கடல்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. செயின்ட் மார்கரெட்ஸ் பேயில் பாறை பிரிட்டன் போன் சிக்னலை மறைத்துவிடும், எதிர்க்கரை பிரெஞ்சு சிக்னல் வந்துவிடும். ஒரு நவம்பரில் அங்கே கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். போனைப் பார்த்தால் நாலு இருபது. இருட்டப் போகிறதே, பஸ் போயிருக்குமே என்று பாதிச் சோற்றை மூடிக்கொண்டு, ஊர் வரை செங்குத்தான ரோட்டில் மூச்சிரைக்க ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டியிடம் ‘கடைசி பஸ் போய்விட்டதா’ என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மூன்று முப்பத்தைந்து. போன் பிரான்ஸ் நேரத்துக்கு மாறியிருந்தது. மிச்சப் புளியோதரையை அங்கேயே, பாட்டிக்கும் கொஞ்சம் கொடுத்து, சாப்பிட்டு முடித்தேன். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள்.