முதன்முறையாக மும்பை போகிறேன். லோக்கல் ரயிலில் போகலாமா, டாக்சிதான் நல்லதா?

கைக்குழந்தையோ பெரிய பெட்டியோ இல்லையென்றால் தாராளமாக லோக்கலில் போகலாம். நசுங்கிவிடுவீர்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் தென்மும்பைக் கடைசி ஸ்டேஷனான சர்ச்கேட்டுக்குப் போகும் காலை ஒன்பது மணி வண்டியை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். காலையில் கூட்டம் தெற்கே போகும், சாயங்காலம் ஐந்துக்கு மேல் வடக்கே திரும்பும். நடுப்பகலில் பெரும்பாலும் உட்கார்ந்தே போகலாம்.

ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பலகையைப் பாருங்கள். கடைசி ஸ்டேஷன், ஃபாஸ்ட்டா (சில ஸ்டேஷன்களில் நிற்காமல் போவது) ஸ்லோவா, 12 பெட்டியா 15 பெட்டியா, மூன்றும் அதில் இருக்கும். பலர் கோட்டை விடுவது ஃபாஸ்ட் வண்டியில்தான். சர்ச்கேட்டில் ஃபாஸ்ட் ஏறினால் மும்பை சென்ட்ரலுக்கு அடுத்து தாதர்; நடுவில் இருக்கும் மகாலட்சுமி, பிரபாதேவியில் நிற்காது. வடக்கே தொலைவில் இருக்கும் விராருக்குப் போகும் ஃபாஸ்ட்டில், வழியில் இருக்கும் அந்தேரிக்கோ போரிவலிக்கோ போக சாயங்காலம் ஏறவே ஏறாதீர்கள். கூட்டத்தில் இறங்க வழி கிடைக்காது.

இறங்குவதற்கு முந்தைய ஸ்டேஷன் தாண்டியதுமே வாசல் பக்கம் நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "தாதர்?" என்று கேளுங்கள். தலையாட்டினால் அவர் பின்னாலேயே நில்லுங்கள்; இல்லையென்றால் அவரே ஒதுங்கி உங்களை முன்னே விடுவார். பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். வண்டி நிற்பது அரை நிமிடத்துக்கும் குறைவு.

சிவப்பு மஞ்சள் சாய்வுக் கோடு போட்ட பெட்டி ஃபர்ஸ்ட் கிளாஸ். செகண்ட் கிளாஸ் டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம் மட்டும் குறைந்தது 250 ரூபாய்.

மெட்ரோ இருக்கே என்பீர்கள். உண்மைதான், 2025 அக்டோபரிலிருந்து ஆக்வா லைன் கஃப் பரேடு வரை ஓடுகிறது, ஏர்போர்ட்டிலிருந்து தென்மும்பைக்கு அதுதான் வசதி. தானே, கல்யாண் ஆகிய ஊர்களுக்குப் போக அது உதவாது.

ஆட்டோ பாந்த்ரா, சயான் வரைதான். அதற்குத் தெற்கே டாக்சி மட்டுமே. சென்னையிலிருந்து வரும் வண்டி குர்லாவில் இருக்கும் எல்.டி.டி.யில் (லோகமான்ய திலக் டெர்மினஸ்) நின்றால் வெளியே ஆட்டோ கிடைக்கும்; நடக்கிற தூரத்தில் லோக்கல் ரயிலின் ஹார்பர் லைன் தடத்தில் திலக் நகர் ஸ்டேஷனும் உண்டு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம்மூர்க்காரர்களே செய்வதால் மனசு பொறுக்கவில்லை. தாராவிக்குப் போனால் சந்துக்குள் கேமராவை நீட்டாதீர்கள். விடியற்காலையில் மாவாட்டி இட்லி அவித்து, சைக்கிளில் ஊர் முழுக்க விற்கும் தமிழர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலை அனுமதி கேட்காமல் படம் பிடிக்க நமக்கு உரிமை கிடையாது.