மேனுவல்ல ஒரு கிரேடு, பட்டறையில ஒரு கிரேடு: எஞ்சின் ஆயில் கேள்வி பதில்

பாளையங்கோட்டை, புது பெட்ரோல் கார்: அண்ணாச்சி, மேனுவல்ல 0டபிள்யூ-20 போட்டிருக்கு. பட்டறைக்காரர் "அது குளிர் நாட்டு ஆயிலு, நம்ம வெயிலுக்குத் தண்ணியா ஓடிரும், 20டபிள்யூ-50 ஊத்துங்க"ங்காரு. ஊத்தலாமா?

வேண்டாம் தம்பி. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியில் நடத்தும் சோதனையில் தேறியது, 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் தேறியது. மார்கழி விடியற்காலையில்கூட பாளையங்கோட்டை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து "குளிர் நாட்டு ஆயில்" என்று பயப்பட ஒன்றுமில்லை.

சூடான எஞ்சினில் வேலை செய்வது பின்னால் இருக்கும் எண். 100 டிகிரியில் அளக்கும்போது 20 கிரேடு ஆயிலின் தடிப்பு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு) வரை இருக்கும். 30 கிரேடு 12.5 வரை, 40 கிரேடு 16.3 வரை, 50 கிரேடு 21.9 வரை போகும். உங்கள் எஞ்சின் கேட்பதைவிட 50 கிரேடு இரண்டு மடங்குக்கு மேல் தடிமன். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கூலன்டை 90 டிகிரி பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கும். ஊர் வெயிலால் ஆயில் சூடு கொஞ்சம் ஏறும், ஆனால் மூன்று கிரேடு தாண்டும் அளவுக்கு இல்லை.

தடித்த ஆயில் ஊற்றினால் காலையில்தான் தெரியும். வண்டி ராத்திரி முழுக்க நின்றபின் 20டபிள்யூ-50, 0டபிள்யூ-20-ஐவிட நாலு மடங்கு தடிப்பாக இருக்கும். பம்ப் அழுத்தம் கூடி ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும், ஆயிலில் ஒரு பங்கு திரும்பவும் சம்ப்புக்கே, அதாவது எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கே, போய்விடும். மேலே கேம்ஷாஃப்ட்டுக்கு வந்து சேரத் தாமதமாகும். வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால் அது மந்தமாகி செக் எஞ்சின் விளக்கு எரிவதும் உண்டு. மைலேஜும் விழும்.

மைலேஜ் கணக்குக்காகத்தான் கம்பெனிகள் மெல்லிய ஆயிலுக்கு வந்தன என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் எஞ்சினையும் அதற்குத் தோதாகத்தான் செய்திருக்கிறார்கள். மேனுவலில் வெப்பநிலைக் கட்டத்தோடு ஒரு பட்டியல் இருக்கும். அதில் 5டபிள்யூ-30-உம் இருந்தால் தாராளமாக அதற்குப் போகலாம், நம்ம ஊருக்குப் பொருத்தமான படிதான். பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள்.

செங்கோட்டை, லோடு வண்டி, பிஎஸ்4 டீசல்: புளியரை வழியா ஆரியங்காவுக்கு தெனமும் ஏத்தம். 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 ரெண்டுமே மேனுவல்ல இருக்கு. எது ஊத்த?

15டபிள்யூ-40. மலையேற்றத்தில் பாரத்தோடு இரண்டாவது கியரில் இழுக்கும்போது பேரிங்குக்கு நடுவில் இருக்கும் ஆயில் படலம்தான் அடி வாங்கும். அதை 150 டிகிரியில், அதிவேகமாக உரசவிட்டு அளக்கும் சோதனை தனியாக இருக்கிறது. 30 கிரேடுக்கு அதில் தடிப்பு குறைந்தது 2.9 இருந்தால் போதும், 15டபிள்யூ-40-க்குக் குறைந்தது 3.7 வேண்டும். இப்படி ஒரு படி மேலே போவதற்கு அர்த்தம் இருக்கிறது. கேனில் ஏபிஐ தரக் குறியீடு சிஐ-4 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றம் முடிந்து டீக்கடையில் நிறுத்தும்போது சாவியை உடனே திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டர்போ சூட்டில் நின்ற ஆயில் கருகி அங்கேயே பிடிக்கும், அதற்கு எந்த கிரேடும் மருந்தில்லை.

நெல்லை டவுன், பிஎஸ்6 டீசல் எஸ்யூவி: போன சர்வீஸ்ல வெளிப் பட்டறையில சிஐ-4 15டபிள்யூ-40 ஊத்திட்டாங்க. மேனுவல்ல 5டபிள்யூ-30 சி3. கிரேடு கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான? இன்னொண்ணு, டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறிக்கிட்டே போகுது அண்ணாச்சி, இது என்ன அதிசயம்?

இங்கே கிரேடு இரண்டாம் பட்சம், கேனின் பின்பக்கம் போட்டிருக்கும் சிஐ-4, சி3 என்ற தரக் குறியீடுதான் முதல். உங்கள் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. எஞ்சினில் எரியும் சிறிதளவு ஆயில் விட்டுச்செல்லும் சாம்பலும் அதில்தான் போய்ச் சேரும். கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும், ஆனால் சாம்பல் எரியாது. சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிஐ-4 ஆயில்களில் அது ஒன்றைத் தாண்டிப் போவது சாதாரணம். ஒரு தடவை ஊற்றியதால் வடிகட்டி உடனே அடைத்துவிடாது, ஆனால் அதன் ஆயுளைத் தின்னும். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் இறக்கிவிட்டு, ஃபில்டரோடு சேர்த்து சி3 போடுங்கள்.

ஆயில் ஏறுவது ஆபத்தான அறிகுறி. ஜங்ஷன், மார்க்கெட் என்று நாலு கிலோமீட்டர் ஓட்டங்களாகவே ஓடினால் கரியை எரிக்கும் வேலை பாதியில் நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்பில் கலக்கும். மட்டம் கூடும், ஆயில் இளகும். மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாதீர்கள், முதலில் ஆயிலை மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒரு தடவை நாலுவழிச் சாலையில் வள்ளியூர்ப் பக்கமோ கோவில்பட்டிப் பக்கமோ 60, 70 வேகத்தில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே இந்த ஓட்டத்தை முடித்துவிடுவது நல்லது. இளகுகிறதே என்று தடித்த ஆயிலை ஊற்றி ஈடுகட்டப் பார்ப்பவர்களும் உண்டு. டீசல் வரும் வழி திறந்தே கிடக்கும்போது அதனால் பிரயோஜனமில்லை.

சாத்தான்குளம்: தேரிப் பக்கம் செம்மண் புழுதியிலதான் ஓட்டம். தடிச்ச ஆயில் போட்டா தேய்மானம் குறையுமா?

குறையாது அண்ணாச்சி. தேரி மணல்தூள் எஞ்சினுக்குள் வருவது காற்று வழியாக. பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிட்டுத்தான் ஆயிலில் கலக்கும். ஆயில் ஃபில்டரும் மிக நுண்ணிய தூளை முழுக்கப் பிடிக்காது.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் ஃபில்டரின் ரப்பர் ஓரம் சரியாக உட்காரவில்லை, அல்லது குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. கம்ப்ரசரில் வெளியிலிருந்து ஓங்கி ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, மெல்ல. மேனுவலில் கடினமான ஓட்டத்துக்கென்று தனிக் கெடு போட்டிருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கெடுதான். 10,000 கிலோமீட்டர் ஆயில் உங்களுக்கு 5,000-தான்.

சங்கரன்கோவில், 1,70,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார்: ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கி. 5டபிள்யூ-30-ல இருந்து 20டபிள்யூ-50-க்கு மாத்திரலாமா?

முதலில் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கும். ஓடும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் தொடர்ந்து வந்தால் ரிங். புகையே இல்லையென்றால் வெளியே கசியலாம், ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்குங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அடைத்திருக்கிறது. அந்தச் சின்ன உதிரியை மாற்றியதுமே ஆயில் குடிப்பது குறையும் வண்டிகள் உண்டு.

ரிங் தேய்ந்திருந்தால் 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 போட்டு ஆயிரம் கிலோமீட்டர் அளந்து பாருங்கள். தேய்ந்த எஞ்சினுக்கு அந்த ஒரு படி நியாயம்தான். 50-க்குத் தாவினால் புகை கொஞ்சம் அடங்கும், டேப்பட் சத்தமும் அமுங்கும். விற்கிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.

மேலப்பாளையம், மோட்டார் சைக்கிள்: கார்ல ஊத்தி மிச்சமான 5டபிள்யூ-30 ஒரு லிட்டர் கெடக்கு. பைக்குக்கு ஆகுமா?

ஆகாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பதால் தட்டு வழுக்கும். த்ராட்டில் முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பைக்குக்கு கேனில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும், கிரேடு மேனுவல்படி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் இல்லை, அதற்கு ஜாசோ எம்பி. ஏற்கெனவே ஊற்றியிருந்தால் இறக்கி, சரியானதைப் போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதும் வழுக்கினால் தட்டுகளை மாற்ற வேண்டியதுதான்.

அம்பை, டிராக்டர்: எஞ்சினுக்கு வாங்குன 15டபிள்யூ-40 மிச்சத்த பின்பக்க கியர்பெட்டியில ஊத்திக்கிடலாமா?

ஆயிலில் முங்கிய பிரேக் உள்ள டிராக்டரென்றால் ஊற்றவே கூடாது. பிரேக் கத்தும், பிடிக்காது. அதற்கென்று தனி டிரான்ஸ்மிஷன் ஆயில் இருக்கிறது.

தென்காசி, டர்போ பெட்ரோல்: கிரேடு சரியா இருக்கு, ஆனா கடையில பழைய ஏபிஐ எஸ்என் கேன்தான் இருக்கு. பரவாயில்லையா?

எஸ்என்னுக்குப் பின்னால் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில் கிடைக்கும் கடைக்குப் போங்கள். டர்போ எஞ்சினைக் குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்து இழுக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும் பிரச்சினை உண்டு. அதைத் தடுக்கும் சோதனை எஸ்என் பிளஸிலும் அதற்குப் பின்னால் வந்த எஸ்பி, எஸ்கியூ தரங்களிலும்தான் இருக்கிறது.

வள்ளியூர்: வழியில ஆயில் மினிமத்துக்குக் கீழ போயிட்டு. பெட்ரோல் பங்குல வேற கிரேடுதான் இருந்துச்சு, அரை லிட்டர் ஊத்திட்டேன். திரிஞ்சுருமா?

திரியாது. எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் செய்யப்படுகின்றன. ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட எந்த கிரேடும் மேல். வாரன்டி இருக்கும் வண்டியென்றால் பில்லை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த சர்வீஸைக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். அரை லிட்டர் ஏன் குறைந்தது என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும், அடியில் ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரிலிருந்து ஆரம்பியுங்கள்.