கர்ப்பப்பை இறங்கினால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 54. மூன்றும் சுகப்பிரசவம். மூன்று வருடமாக அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை இறங்கி வருகிறது. காலையில் தெரியாது, களை வெட்டிவிட்டு சாயங்காலம் வரும்போது தொடை இடுக்கில் உரசும். பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். சிறுநீர் முழுசாகப் போன மாதிரியே இருப்பதில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. புற்றுநோயாக இருக்குமோ என்று பயம் வேறு.
- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அடி இறக்கம் போலத்தான் தெரிகிறது, அது புற்றுநோய் இல்லை. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகிற தசையும் நாரும் அந்தக் கயிறு மாதிரி. பிரசவத்தில் இழுபட்டு, மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் குறைந்து, கூடவே வருடக்கணக்கில் பளு தூக்கி, தீராத இருமலும் மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் கயிறு தொய்ந்துவிடும். அப்புறம் மேலே இருப்பது இறங்கத்தான் செய்யும். இறங்குவது எப்போதும் கர்ப்பப்பையாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை, உங்களுக்குச் சிறுநீர் தங்குவதைப் பார்த்தால் சிறுநீர்ப்பையும் சேர்ந்து சரிந்திருக்கலாம். கயிறு தொய்ந்த கட்டிலில் பாயை மட்டும் எடுத்துவிட்டால் கட்டில் நிமிருமா? கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, தாங்கும் இடத்தை இழுத்துக் கட்டாமல் விட்டால், பிறப்புறுப்பின் மேல்பகுதியே பின்னால் இறங்கி வரலாம். பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அவசரப்படாதீர்கள்.

இறக்கம் குறைவாக இருந்தால் கீகல் பயிற்சியே நல்ல பலன் தரும். வாயு வெளியேறாமல் அடக்குவது போல அந்த இடத்தை உள்ளுக்கு இழுத்து, முடிந்தவரை, அதிகபட்சம் 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை, ஒரு நாளில் மூன்று வேளை. மூச்சை அடக்கவோ வயிற்றை முக்கவோ கூடாது. மூன்று நான்கு மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். வெளியே வந்துவிட்டதை இது மட்டுமே மேலே ஏற்றிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நிலைக்கு நான் முதலில் யோசிப்பது பெசரி. இறங்கியதை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிற, சிலிக்கோனில் செய்த மெத்தென்ற வளையம். டாக்டர் அளவு பார்த்து உள்ளே வைத்து, உங்களை நடக்கவிட்டு, உட்காரவைத்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, நழுவவில்லை என்று பார்த்த பிறகே அனுப்புவார். சரியாகப் பொருந்தினால் அது உள்ளே இருப்பதே தெரியாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நாற்றமோ ரத்தமோ வந்தால் அதற்கு முன்பே போக வேண்டும். வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவார்கள்.

இதெல்லாம் ஒத்துவராவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது. பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே செய்துவிடுவார்கள். கர்ப்பப்பையை எடுக்காமல் மேலே தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு, நம் மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கர், புரந்தரே பெயரிலேயே அப்படிச் சில இருக்கின்றன. தொய்ந்த இடத்தைத் தாங்கக் கீழ்வழியாகச் செயற்கை வலை வைத்துத் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் இரண்டு முறை கேளுங்கள்: இந்தப் பிரச்சினைக்கு அப்படி வைக்கிற வலைகளின் விற்பனையை 2019-இல் அமெரிக்கா நிறுத்திவிட்டது. ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. வீட்டில் இதை முன்னாலேயே பேசி வையுங்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். தாம்பத்தியத்துக்கு இந்த இறக்கம் தடை இல்லை.

அதுவரை, அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், மலச்சிக்கல்தான் கூடும். சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டாலோ, இறங்கியது உள்ளே போகாமல் வலித்தாலோ, புண்ணானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி இந்த வாரமே அரசு மருத்துவமனையின் பெண்கள் நலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மேஜையில் படுத்தால் சதை உள்ளே போய்விடும், ஒன்றும் இல்லையே என்று தோன்றிவிடலாம். "நின்னா, இருமினாத்தான் வெளிய வரும் டாக்டர்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.