ரெஸ்நெட் அடுக்கிலிருந்து ஃபீச்சர் எடுக்கும்போது வரும் ஷேப் பிழை: எங்கே பார்ப்பது?

புறக்கோட்டைக் கடைகளின் பெயர்ப்பலகைப் படங்களை வகைப்படுத்துவதற்காக, படங்களை அடையாளம் காணும் ரெஸ்நெட்-50 மாடலின் அடுக்குகளைக் கழற்றி, பைடார்ச் லைப்ரரியில் அடுக்குகளை வரிசையாக ஓடவிடும் சீக்வென்ஷியலில் கோத்திருக்கிறீர்கள். ஓடவிட்டால், 16384×1, 2048×1000 என்ற இரண்டு மேட்ரிக்ஸையும் பெருக்க முடியாது என்று பைடார்ச் நின்றுவிடுகிறது. வெள்ளவத்தையில் என்னிடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டோடு வரும் பிள்ளைகள் பலரும் கொண்டுவருவது இதே பிழைதான்.

அந்த எண்களை வடிவாகப் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. உங்கள் பேட்ச், அதாவது ஒரே தடவையில் போகும் படங்கள், 8. ஆவரேஜ் பூலிங் முடிந்து வெளியே வருவது 8×2048×1×1. லீனியர் அடுக்கு டென்சரின் (பல பரிமாண எண் அட்டவணையின்) கடைசிப் பரிமாணத்தை மட்டும்தான் பார்க்கும். அதற்கு வேண்டியது 2048, அங்கே இருப்பதோ 1. மற்ற மூன்றையும் பெருக்கினால் 16384.

சரி, கழற்றாத மாடல் மட்டும் எப்படி ஓடுகிறது? பூலிங்குக்கும் லீனியருக்கும் நடுவே ஒரு ஃப்ளாட்டன், அதாவது 2048×1×1-ஐ வெறும் 2048 ஆக்கும் வேலை, நடக்கிறது. அது தனி அடுக்கு இல்லை, ஃபார்வர்ட் ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒரு வரி. மாடலின் சில்ட்ரன் ஃபங்ஷன் மூலம் அடுக்குகளை எடுக்கும்போது அந்த வரி கூட வராது.

உங்களுக்கு ஃபீச்சர், அதாவது படத்தை விவரிக்கும் எண்கள்தானே தேவை? மாடலைக் கழற்றவே வேண்டாம். கடைசி எஃப்சி அடுக்கின் (அந்த லீனியரின்) இடத்தில், வந்ததை அப்படியே விடும் ஐடென்டிட்டியை வையுங்கள், படம் ஒன்றுக்கு 2048 எண்கள் கிடைக்கும். நடு அடுக்கு வேண்டுமென்றால் ஃபார்வர்ட் ஹூக், அதாவது அடுக்கின் வெளியீட்டைப் பிடித்துத் தரும் ஃபங்ஷன், போடலாம். நான்காவது லேயரில், 224×224 படத்துக்கு 2048×7×7 வர வேண்டும். ஹூக்குக்குள் ஷேப்பை ப்ரின்ட் செய்து பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

ஹூக்கில் ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் இதற்குப் பிழைச் செய்தியே வராது. ரெஸ்நெட்டின் ரெலு இன்ப்ளேஸாக வேலை செய்கிறது. முதல் பேட்ச்நார்மின் (எண்களைச் சீராக்கும் அடுக்கின்) வெளியீட்டை நீங்கள் அப்படியே பிடித்து வைத்தால், அடுத்து வரும் ரெலு அதே மெமரியின் மேலேயே எழுதி, மைனஸ் எண்களை எல்லாம் பூச்சியமாக்கிவிடும். கிரேடியன்ட் தொடர்பை வெட்டும் டிடாச் மட்டும் போதாது, அதுவும் அதே மெமரியைத்தான் பகிர்கிறது. பின்னால், தனி நகல் எடுக்கும் க்ளோனும் சேருங்கள். சேமித்த டென்சரின் மினிமத்தை எடுத்துப் பாருங்கள்: பேட்ச்நார்ம் வெளியீட்டில் ஒரு மைனஸ் எண்கூட இல்லையென்றால் அது மேலெழுதப்பட்டிருக்கிறது.

அப்புறம் ஈவால், அதாவது மாடலை ட்ரெயினிங் நிலையிலிருந்து சோதனை நிலைக்கு மாற்றும் வரி. டார்ச்விஷன் மாடலை லோட் செய்தவுடன் அது ட்ரெயினிங் நிலையில்தான் இருக்கும். அந்த நிலையில் பேட்ச்நார்ம், கூட வந்த படங்களின் சராசரியையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஒரே பலகைக்கு, பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஃபீச்சர் மாறும். கிரேடியன்ட் கணக்கை நிறுத்தும் நோ-கிராட் போட மறந்தால் விடை மாறாது, மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மூன்று சேனல் கேட்டேன், நான்கு வந்தது என்று வேறொரு பிழை வந்தால் அது ட்ரான்ஸ்பேரன்ட் பிஎன்ஜி. படத்தைத் திறக்கும்போதே ஆர்ஜிபிக்கு மாற்றினால் சரி.

எல்லாம் செய்தபின் ஒரே படத்தைத் தனியாக ஒரு முறை, எட்டுப் படங்களோடு ஒரு முறை ஓடவிட்டு, இரண்டு ஃபீச்சரையும் ஆல்குளோஸ் கொண்டு ஒப்பிடுங்கள். தசமத்தில் மிகச் சிறிய வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் ஈவால் வரி எங்கே இருக்கிறது என்று திரும்பப் பாருங்கள்.