கட்டுமான சைட்டில் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்
(கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

வேலை தொடங்குமுன் காலையில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்) எச்.ஐ.வி. பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் 200 பேர். எல்லோரும் தலையாட்டினார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கே தவறு?
– பாதுகாப்பு அலுவலர், ஸ்ரீபெரும்புதூர்

நேரம், கூட்டம், மொழி மூன்றிலும். கூலிக் கணக்கு எழுதும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது, தன் உறுப்பில் புண் இருப்பதை எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டார். ஞாயிறு மதியம், சமையல் முடிந்ததும், லேபர் கேம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 15 முதல் 20 பேர், 40 நிமிடம். மேஸ்திரியும் காண்ட்ராக்டரும் அங்கே வேண்டாம். வடக்கிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் இந்தி போதும் என்று நினைக்காதீர்கள். ஒடியா பேசுகிறவருக்கு ஒடியாவில் சொல்லுங்கள். சந்தாலி பேசுகிறவர்கள் இருந்தால் அவர்களிலேயே ஒருவரைப் பழக்குங்கள். பெண்களுக்குத் தனிக் கூட்டம், பேசுகிறவரும் பெண்.

பேச்சை எச்.ஐ.வி.யில் தொடங்காதீர்கள். சிறுநீர் எரிச்சல், சீழ், புண் இவையெல்லாம் அவர்களுக்குப் பழகிய தொல்லை, அங்கே தொடங்குங்கள். பால்வினைப் புண் இருந்தால் எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றும் என்பதால் பேச்சு தானாக அங்கே வந்து சேரும். அந்தப் புண்களுக்கு அரசு மருத்துவமனைச் சுகவாழ்வு மையத்தில் இலவச சிகிச்சை உண்டு. பிறகு பரவும் வழிகள்: ஆணுறையில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, பரிசோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. உடலுறவு என்பதில் ஆணும் ஆணும் சேர்வதும் அடக்கம். கூச்சப்பட்டு இதை விழுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் விழுங்காதீர்கள்.

ஆணுறையை மாதிரி உறுப்பில் ஒவ்வொருவரும் தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். தேதியைப் பார்ப்பது, பாக்கெட்டை அமுக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது, பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கிழிப்பது, நுனியைக் கிள்ளிப் பிடித்து அடிவரை உருட்டுவது, முடிந்தவுடன் அடியைப் பிடித்தபடி வெளியே எடுப்பது. நுனியில் காற்று நின்றால் கிழியும். உள்பக்கம் வெளிப்பக்கம் மாறி வைத்துவிட்டால் திருப்பிப் போடக் கூடாது. புதியதை எடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உராய்ந்து கிழியும்.

கேள்விகளைச் சீட்டில் எழுதச் சொன்னால் எழுதத் தெரியாதவர் விடுபடுவார். அறைக்கு ஒருவரை முன்பே சொல்லி வைத்து, யார் கேட்டது என்று சொல்லாமல் கேள்விகளை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் மிக முக்கியம். அருகிலுள்ள நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) எது, எந்தப் பேருந்து, எந்த அறை, எத்தனை மணி வரை என்பதை அப்போது சொல்லுங்கள். பரிசோதனை இலவசம், ரகசியம். ஆனால் அரைநாள் கூலி போகுமே என்று போகாமலிருப்பார்கள். அந்த அரைநாளை நிர்வாகம் தரட்டும். கேம்பிலேயே முகாம் நடத்த மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு அலகைக் கேட்கலாம். விரல்நுனி ரத்தத்தில் செய்யும் ஒற்றைச் சோதனையை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று சொல்லிவிடக் கூடாது. நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்டுகளில் உறுதி செய்த பிறகுதான் முடிவு.

ஆணுறைப் பெட்டியை முதலுதவி அறையில் வைத்தோம். யாரும் எடுப்பதில்லை.
– சைட் இன்ஜினியர், சிறுசேரி

பலர் கண்ணில் படும் இடத்தில் யார் எடுப்பார்? குளியலறை, கழிப்பறைப் பக்கம், ஈரம் படாத நிழலில் மாட்டுங்கள். பெயர் எழுதும் நோட்டு வேண்டவே வேண்டாம். தகர ஷெட்டின் சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். ஆகவே மொத்த இருப்பைக் கான்கிரீட் கூரை உள்ள அறையில் வைத்து, பெட்டியில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்ததும் உதவாது. தேங்காய் எண்ணெய், வாஸ்லின் தடவினால் சில நிமிடங்களிலேயே ரப்பர் பலமிழந்துவிடும் என்பதைப் பெட்டி மேல் படமாக ஒட்டுங்கள்.

வேலைக்குச் சேர்க்கும்போதே எல்லோருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிட்டால் என்ன?
– காண்ட்ராக்டர், கோவை

கூடாது. 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்கு இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்க முடியாது. நபரின் சம்மதமில்லாமல் பரிசோதிப்பதும், முடிவை வெளியிடுவதும் சட்டத்துக்கு விரோதம். 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் சைட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். பயனும் இல்லை: அண்மையில் தொற்றியிருந்தால் சோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வேலை போகும் என்ற பயத்தில் மற்றவர்கள் நம்பிக்கை மையத்தின் பக்கமே போக மாட்டார்கள்.

கொசு, ஒரே தட்டில் சாப்பாடு, கம்பி கிழித்த ரத்தம்?
– கம்பி கட்டும் தொழிலாளி, ஓசூர்

கொசுவாலும் தட்டாலும் பரவாது. கம்பி கிழித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போடுகிறவர் எவரானாலும் புதுப் பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஆணுறை கிழிந்து பயமிருந்தால் அன்றே ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு மையம்) போங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடும் அறைத்தோழர், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர், ஊருக்குப் போகிறார். நடுவில் விட்டுவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது. அண்ணன் மாதிரி எனக்கு.
– சென்ட்ரிங் தொழிலாளி, சென்னை

உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்; அது உங்களோடு இருக்கட்டும். புறப்படுமுன் இங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் எத்தனை நாள் பயணம் என்று சொன்னால் அதற்கேற்ப மாத்திரை தருவார்கள். திரும்பி வரப்போவதில்லை என்றால் மாற்றுச் சீட்டு வாங்கி, பெர்காம்பூர் எம்.கே.சி.ஜி. மருத்துவக் கல்லூரியில் உள்ள மையத்தில் சேர்ந்துகொள்ளலாம். சிகிச்சைக் கைப்புத்தகத்தைத் துணிப்பையில் போடாமல் ஆதாரோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ரயிலில் பை தொலைந்தாலும் புத்தகம் தப்பும். தினம் ஒரே நேரத்தில் ஒரு மாத்திரை. அடிக்கடி விட்டால் கிருமி மறுபடி பெருகி, அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்றாது. குழந்தை பெற்றுக்கொள்ளவும் தடையில்லை. அடுத்த மாத்திரைக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.